டைப் அடித்துக் கொடுத்த பாட்டு

இந்த ஊரில் சும்மா நடக்க முடியாது. திண்டிவனத்துக்கு வந்த முதல் வாரத்தில், ஒரு சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்பினேன். நூறு அடி போவதற்குள் மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள். "எங்க சார் கெளம்பிட்டீங்க?" "சும்மா நடக்கிறேன்." "சும்மான்னா? யாரைப் பாக்கணும்?" "யாரையும் இல்லை. கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று." கடைசியாகக் கேட்ட சைக்கிள் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயிறு சரியில்லியா சார்?" என்று அனுதாபத்தோடு விசாரித்து, கருவேலம் புதர் இருந்த திசையைக் கையால் காட்டினார். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பர்மாவில், மோல்மீனில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், என்னோடு கப்பலில் வந்து முகாம் முகாமாகச் சிதறிப்போன உங்களுக்கும் இது சிரிப்பாக இருக்கும். நாமெல்லாம் அங்கே ஆற்றோரச் சாலையில் தினமும் நடந்தவர்கள். அதற்கென்றே பர்மியர்களிடம் ஒரு சொல் இருந்தது, லான் ஷௌ. கடையைச் சாத்திவிட்டு, குளித்து, குழந்தைகள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, சால்வீன் ஆற்றில் மரம் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நடப்போம். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. நம்மை அவர்கள் 'கலா', அந்நியன், என்றார்கள், அது உண்மை. பென்சிலும் காகிதமும் விற்ற என் கடைக் கதவில் ஒரு காலையில் அரசாங்க முத்திரை வைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் நடந்துகொண்டிருந்தவனை நிறுத்தி நீ யார் என்று கேட்கவில்லை. இங்கே கேட்கிறார்கள். "எந்த ஊரு?" என்று முதலில் கேட்பார்கள். சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் அவர்களுக்குப் பதில் வேண்டும்.

இந்த நிலையில்தான் என் மகள் வசந்தாவின் பள்ளியில், சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போகிற ஒரு தமிழாசிரியர் இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஊரில் எல்லோரும் அவரைத் தமிழ் ஐயா என்பார்கள். ஒல்லியான மனிதர், கையில் ஒரு குடை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை வரிசையாக நிறுத்தி, கிளியனூர் போகிற சாலையில் வயல்வெளி வரைக்கும் நடத்திக்கொண்டு போவார். போகும்போது யாரும் பேசக்கூடாது. ஏரி மதகைத் தாண்டியதும், "இனிமே கண்ணைத் தொற" என்பார். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போய் அரை மணி நேரம் எதையாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து பென்சிலால் நான்கு வரி எழுத வேண்டும். நிலவும் தாமரையும் எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். "நீ பாத்தியா தாமரையை? இந்த ஏரியில ஆகாயத்தாமரைகூட கெடையாது. பாக்காததை எழுதாதே. பாத்ததை மறைக்காதே" என்பார். பெற்றோர்களில் பாதிப் பேர் தலைமையாசிரியரிடம் புகார் சொல்லியிருந்தார்கள். வயலைப் பார்க்கப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும், அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே என்பது அவர்கள் கட்சி.

நான் மட்டும் அவர் பக்கம். காரணம் இயற்கையின் மேல் உள்ள காதல் இல்லை, பயம். வசந்தாவுக்குப் பதின்மூன்று வயது. பர்மியப் பள்ளியில் படித்தவள். தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசுவாள். வகுப்பில் அவளுக்குப் 'பர்மா பொம்மை' என்று பெயர். இந்த மண்ணில் அவள் ஒட்டுவாளா, அல்லது என்னைப்போல வாசலிலேயே நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பாளா என்ற கவலை எனக்கு இரவும் பகலும் இருந்தது. அவள் தமிழில் நான்கு வரி எழுதிவிட்டால், ஊர் அதைப் பார்த்துவிட்டால், அவளை யாரும் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள் என்று நம்பினேன். படித்தவனின் மூடநம்பிக்கை.

மல்லாட்டை, நம் வேர்க்கடலைதான், பிடுங்கி முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை அவள் ஓடி வந்தாள். மடியில் மண்ணோடு இரண்டு கைப்பிடிக் காய். "ஒரு அக்கா குடுத்தாங்கப்பா. பேரு அஞ்சலை. வயல்ல குச்சியால தோண்டித் தோண்டி எடுத்தாங்க. நீயும் தின்னு பாப்பான்னு குடுத்தாங்க." பிறகு நோட்டைக் காட்டினாள்.

மண்ணைக் கீறினாள் ஓர் அக்கா.
மண் சிரித்தது, பல் தெரிந்தது.
ஒவ்வொரு பல்லாய் எடுத்து
மடியில் கட்டிக்கொண்டாள்.

தமிழ் ஐயா அதன் கீழே, 'நன்று. நீ பார்த்திருக்கிறாய்' என்று எழுதியிருந்தார். நான் அதைப் பல தடவை படித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். காகிதக் கடை வைத்திருந்தவன், நாலு புத்தகம் படித்தவன் என்ற திமிர் விடவில்லை. "எந்த அக்கா? எந்த வயல்? எப்போ? இதெல்லாம் சொன்னால்தான் உயிர் வரும்" என்று அவளை உட்கார வைத்துக் கேட்டேன். பனைமரம் மூன்று சேர்ந்து நிற்கிற வயல் என்றாள். பொழுது நன்றாக ஏறவில்லை என்றாள். மூக்கில் பச்சைக்கல் மூக்குத்தி என்றாள். எல்லாவற்றையும் நானே பாட்டுக்குள் நுழைத்தேன். ஓர் அக்கா போய், 'பச்சைக்கல் மூக்குத்தி அஞ்சலை' வந்தாள். 'மூன்று பனை வயலிலே, சனிக்கிழமைக் காலையிலே' என்று ஒரு புது அடி முதலில் வந்தது. வசந்தா, "இது நல்லா இல்லப்பா, நீளமா இருக்கு" என்றாள். உனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

உண்மையில் தெரியாதவன் நான். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மல்லாட்டை பிடுங்கிய வயலில் மண்ணுக்குள் கொஞ்சம் காய் தங்கிவிடும். அதைத் தோண்டி எடுத்துக்கொள்ள ஏழைகளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வயல்காரர் முதலில் தன் ஆட்களை விட்டு இன்னொரு முறை கொத்திப் பார்ப்பார். பிறகு பறை அடித்து, வயலை விட்டாயிற்று என்று சொல்லச் செய்வார். அந்தப் பறைக்குப் பின்னால் எடுத்தால் அது உரிமை. அதற்கு முன்னால் எடுத்தால் திருட்டு. காய் ஒன்றுதான், மண் ஒன்றுதான். அஞ்சலை எடுத்தது பறைக்கு முந்தின நாள். இந்த ஊரில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நான் விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். திங்கட்கிழமை மதியம், வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், வசந்தாவின் பாட்டை ஆபீஸ் தாளில் டைப் அடித்தேன். இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட நீளத்தாள். கார்பன் வைத்து இரண்டு பிரதி. அடியில் அவள் பெயர், வகுப்பு, ஊர். பெஞ்சில் ஒரு கட்சிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். வரப்பு வழக்குக்காக மாதம் ஒருமுறை வருகிறவர், கிளியனூர்ச் சாலையில் ஒரு சிற்றூருக்கு மணியக்காரர். ஊரின் பெயர் வேண்டாம். நல்ல வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு.

"இன்னா சார், என் கேஸ் பேப்பரா?" என்றார்.

"இல்லை ஐயா. இது என் மகள் எழுதின பாட்டு."

"பாட்டா? குடுங்க பாப்போம்." அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நடுவில் நிறுத்தினார். "மூணு பனை வயலா?"

"ஆமாம். நேரில் பார்த்து எழுதியிருக்கிறாள்."

"நேர்ல பாத்துச்சா. பொய் ஒண்ணும் கலக்கலியே?"

"ஒரு வார்த்தை கூட இல்லை" என்றேன் பெருமையாக. "அவர்கள் ஆசிரியர் பார்க்காததை எழுத விடமாட்டார்."

"சந்தோசம். இதை நான் வெச்சிக்கட்டுமா?"

"தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, கார்பன் பிரதி வேண்டாம் என்று மூலப் பிரதியையே கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அன்று ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரு குதூகலம். ஒரு மணியக்காரர் என் மகளின் தமிழைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று மனைவியிடம் சொன்னேன். "அவருக்கு எதுக்குப் பாட்டு?" என்றாள். அவள் எப்போதும் சரியான கேள்வியைத்தான் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கூண்டு வண்டி வாசலில் வந்து நின்றது. அந்த ஊர்த் தலையாரி இறங்கினான். "மணியக்காரர் அனுப்பிச்சாருங்க. உங்களையும் பாப்பாவையும் ஜல்தியா கூட்டியாரச் சொன்னாரு. ஊருக்கு முன்னாடி பாப்பா பாட்டு படிக்கணுமாம்." நான் வசந்தாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டச் சொன்னேன். தலையில் கனகாம்பரம். எனக்குத் தேய்த்த சட்டை. வண்டியில் அவள் உதட்டுக்குள் பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தலையாரி மாட்டை ஓட்டிக்கொண்டே திரும்பி, "பாப்பா நல்லா சத்தமா படிக்கணும், இன்னா? கடேசில நிக்கறவனுக்கும் கேக்கணும்" என்று சிரித்தான்.

வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. மணியக்காரர் எழுந்து கும்பிட்டார். "வாங்க சார். யாருடா அங்க, சாருக்கு நாற்காலி போடு." அவருக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரும்போதே கேட்டார், "உங்க பெரியவங்க இந்தப் பக்கத்துலேர்ந்துதான் பர்மா போனாங்கன்னு வக்கீல் சொன்னாரு. எந்தத் தெருவு?" நான் சொன்ன பதில் இது: "அப்பா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கப்பல் ஏறிவிட்டார். சரியாகத் தெரியாது."

தெரியும். அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரின் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள சேரியில் பிறந்தவர் அவர். வேப்பமரத்தடியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கப்பலில் ஏறியதே அதற்காகத்தான். கூட்டத்தின் எல்லையில், வெயிலில், கைகட்டி நின்றவர்களில் என் ரத்தம் யாராவது இருந்திருக்கலாம். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

மணியக்காரர் பையிலிருந்து தாளை எடுத்து வசந்தாவிடம் கொடுத்தார். அவள் படித்தாள். நன்றாகவே படித்தாள். 'பச்சைக்கல் மூக்குத்தி அஞ்சலை' என்ற இடத்தில் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அது பாராட்டு என்று நினைத்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். படித்து முடித்ததும்தான், வெயிலில் நின்றவர்களுக்கு முன்னால் அந்தப் பெண் தனியாக நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்த சந்தோஷத்தில், "அக்கா" என்று கையைத் தூக்கினாள்.

"பாத்துக்கினீங்களா? ஆளு யாருன்னும் பாப்பாவே காட்டிடுச்சி" என்றார் மணியக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. "நாளு கீது, எடம் கீது, பேரு கீது. வக்கீல் ஆபீஸ்லயே டைப் ஆகி வந்துக்கிது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

தாளைக் கையில் வாங்கிய கிழவர் ஒருவர் சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, கோர்ட் பேப்பர்தான் என்று தலையாட்டினார். அஞ்சலை தாளைப் பார்க்கவில்லை. என் மகளைத்தான் பார்த்தாள். "நாலு கை காயிக்கு எம்மாம் எழுத்து எழுதிக்கிற பாப்பா" என்றாள். கோபம் இல்லை, ஆச்சரியம்போல இருந்தது. யாரோ சிரித்தார்கள். "பாட்டுல வந்துட்டடி அஞ்சல, இனிமே உன்னைப் புடிக்க முடியாது" என்று ஒரு குரல் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

தீர்ப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு அடி. அடிக்க வேண்டியது அவள் புருஷன். அதுதான் அங்கே முறையாம். அடுத்தவன் அவள்மேல் கை வைத்தால் மரியாதை இல்லையாம். அவன் புளியம் விளாரைக் கையில் வாங்கிக்கொண்டு, "சாமி, நானே புத்தி சொல்லிக்கிறேன் சாமி" என்றான். மெதுவாக அடித்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றார்கள். ஐந்தாவது அடியில் ஒருமுறை அப்படித் தொடங்கியது. பிறகு அந்தக் குடும்பத்துக்கு வரும் போகத்தில் களை, அறுப்பு எந்த வேலையும் இல்லை என்றார்கள். கடைசியாக மணியக்காரருக்கு ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "அந்த மூக்குத்தியும் கழட்டி வெச்சிட்டுப் போவட்டும். அதான் பாட்டுலயே வந்துடுச்சே" என்றார். அவள் திருகிப் பார்த்தாள். திருகாணி வரவில்லை. புருஷன்தான் கழற்றிக் கொடுத்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. பாட்டில் அந்த அடியை நான்தான் சேர்த்தேன், என் மகள் யார் பெயரையும் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன், எதற்கு, நீ யார் என்று கேட்பார்கள். பேச்சு தெருவுக்கு வரும். பிறகு அந்த நாற்காலி இருக்காது. இதையெல்லாம் பன்னிரண்டு அடிக்குள் யோசித்து முடித்தேன். புறப்படும்போது மணியக்காரர் ஒரு பை வறுத்த மல்லாட்டையை வசந்தாவின் கையில் கொடுத்து, தலையைத் தடவி, "நல்லா எழுதறே பாப்பா. இன்னும் எழுது" என்றார்.

திரும்பும் வண்டியில் அவள் அழவில்லை. ஏரி மதகு வந்தபோது கேட்டாள். "மூக்குத்தி நான் எழுதலியேப்பா?"

"பேசாம வா" என்றேன்.

வீட்டில் என் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பையை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினாள். "அங்க நம்ம கடையைப் பிடுங்கினாங்க. இங்க நீங்க இன்னொருத்தி மூக்குல இருந்து பிடுங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அன்றைக்குப் பிறகு அவளும் வசந்தாவும் வீட்டுக்குள் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் தமிழில் கேட்டால் வசந்தா தலையை மட்டும் ஆட்டுவாள். இந்த மண்ணில் ஒட்ட வேண்டும் என்று எவளுக்காகத் தவித்தேனோ, அவள் என் வீட்டுக்குள்ளேயே கப்பலேறித் திரும்பிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து நான் அந்த ஊர் வாய்க்கால் வரைக்கும் போனேன். அஞ்சலையும் புருஷனும் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டதாக ஒரு பெண் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "உங்களுக்குச் சொல்ல மாட்டோம் சார். எழுதிக்கினு போய்டுவீங்க" என்றாள்.

தமிழ் ஐயாவின் நடை நின்றுபோனது. வயல்களுக்குள் பிள்ளைகள் போகக்கூடாது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். "பாட்டைக் கொண்டுபோய் சாட்சியில வெச்சிட்டாங்களே சார். நான் முப்பது வருசமா சொல்லிக் குடுத்தது இதுக்குத்தானா?" என்று ஒருநாள் ரயிலடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தாள் எப்படி அங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இப்போது அவர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி மூன்று முறை நடத்திவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து எழுதச் சொல்கிறார். மைதானத்தில் ஒரு கொடிக்கம்பமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் கொடிக்கம்பத்தைப் பற்றி எழுதுகிறார்கள்.

போன வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், உங்க பொண்ணு மறுபடியும் எழுதிட்டா. ஆனா என்னால படிக்க முடியலை." ஒரு தாளை நீட்டினார். வட்டம் வட்டமாகப் பர்மிய எழுத்து. நீங்கள் இருந்தால் அப்படியே படித்துவிடுவீர்கள், இங்கே தமிழில் பெயர்த்துச் சொல்கிறேன்.

எல்லோரும் நின்றார்கள்.
புருஷன் அழுதுகொண்டே அடித்தான்.
எங்கள் அப்பா மட்டும் நாற்காலியில்
கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கால் மேல் கால் போட்டிருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் பார்க்காததை எழுதுகிறவள் இல்லை.

"என்ன சார் எழுதியிருக்கா?" என்று ஆவலோடு கேட்டார் தமிழ் ஐயா. உள்ளே கதவுக்குப் பின்னால் வசந்தாவின் பாவாடை ஓரம் தெரிந்தது.

"ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறாள்" என்றேன். "எங்கள் ஊர் ஆறு. சாயங்கால வெளிச்சத்தில் மரங்கள் மிதந்து வருகின்றனவாம்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தாளைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டியிருக்கிறார். கோலம் போட்டதுபோல எவ்வளவு அழகான எழுத்து என்று வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பள்ளிக் கமிட்டிக்கு வந்த மணியக்காரரும் நின்று பார்த்தாராம். இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.